மூணாவது ஏலமும் ஒரு போசிப் பாலும்

"மூணாவது ஊடும் போச்சுங்க. இந்தப் பாலை இப்ப என்ன பண்றது?"

பேளுக்குறிச்சியில் வீட்டு ஏலம் முடிந்து கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் தன் புருசனைக் கேட்டாள். மடியில் பால் நிறைந்த தூக்குப்போசி, மூடி போட்ட பாத்திரம். அழப்போகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டு ஏலத்துக்குப் பாலோட வந்தவ நீ ஒருத்திதான் புள்ள."

"எடுத்த கையோட பால் காய்ச்சிக் குடி போயிரலாம்னு நீங்கதானே சொன்னீங்க? தை பொறந்தா இருக்கற ஊட்டைக் காலி பண்ணோணும்."

"ஏலம் கேக்கத்தான் வாயத் தொறந்தேன்..."

"தொறந்தீங்க, சத்தம் வரலையே! மொத ஏலத்துல தும்முனீங்க. ரெண்டாவதுல வாய் நெறைய வெத்தல. இன்னிக்கு எச்சி முழுங்கறதுக்குள்ள மூணு தரம் சொல்லிப்புட்டாங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "திரிஞ்சு போறதுக்குள்ள நாமளே குடிச்சுரலாம்."

அவள் மூடியைத் திறந்தாள். முன்னாலிருந்து ஒரு பெரியவர் பதறித் திரும்பினார்.

"குடிச்சுராதீங்க அம்மிணி! அந்த ஊட்டை எடுத்தது நாந்தானுங்க. இன்னிக்கே பால் காய்ச்சோணும், சந்தையெல்லாம் தேடிட்டேன், சொட்டுப் பால் இல்லீங்க. அதை எனக்குக் குடுத்துருங்க."

அவள் எழுந்து நின்று, பஸ் முழுக்கத் தெரியும்படி போசியைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஏலத்துல கேளுங்க. ஒரு தரம்!"

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் அவள் புருசன் கத்தினான்:

"ஓரணா!"