செத்த கிருமி பிஸ்கட்

நாரணாபுரத்திலிருந்து சிவகாசி போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவளின் மடியில் வயிற்றால் போய்த் துவண்ட பையன், கையில் பிஸ்கட் பெட்டி. பக்கத்தில் அச்சாபீஸில் பெட்டி ஒட்டும் அக்கா.

“இதுல செத்த கிருமி போட்டிருக்காகளாம்க்கா. செத்தும் வயித்துக்கு நல்லது பண்ணுமாம்.”

“எங்க வீட்டுல ஒண்ணு உயிரோட இருந்தே ஒண்ணும் பண்ணலையேத்தா.”

பின்சீட்டுவரை சிரித்தார்கள்.

“சிரிக்காதீக. பெட்டியிலயே போட்டிருக்கு.”

“நாங்க ஒட்டுன பெட்டிதான. இந்தப் படத்துல சிரிக்கிற பிள்ளை போன சீசன்ல புஸ்வாணப் பெட்டியில சிரிச்சுச்சு. கையில இருந்த மத்தாப்ப எடுத்துட்டு பிஸ்கட்டக் குடுத்துட்டாக, அம்புட்டுதான். நல்லா வாசி, ‘உதவக்கூடும்’னுதான் இருக்கு.”

“அப்பப் பொய்யாக்கா?”

“நல்லா இருக்குற வயித்துக்கு நல்லதாவே இருக்கட்டும். இவனுக்குக் கண்ணு சொருகுது பாரு. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கு.”

“லீவு சொல்லலையேக்கா.”

போன மாதம் செத்துப்போன என் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் கடைசிவரை இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்டாப் வந்தது. பையனின் அம்மா எழுந்திருக்கவில்லை. அக்கா பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். “யக்கா, யக்கா” என்று இவளும் பின்னாலேயே ஓடினாள்.

சீட்டில் கிடந்த பெட்டியில் அந்தப் பிள்ளை மட்டும் பஸ்ஸ்டாண்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தது.