வீட்டுக்கு வந்தால் படுத்துவிடும் பெட்டி

ஹலோ... ஹலோ, மைதீனா? ஏ அசன் மைதீன், நான் கைலாசம் பேசுதேன், பாளையங்கோட்டைலேர்ந்து... ஆமா, ஆமா, அந்தக் கேம் பொட்டி கைலாசந்தான். திரும்பவும் நின்னு போச்சுவே... இல்ல, வச்சிராதேயும். ஒரே ஒரு நிமிசம்... கடை பூட்டியிருக்குன்னு தெரியும். மேலப்பாளையம் வந்து ஷட்டரைப் பாத்துட்டுத்தான் திரும்புனேன். பக்கத்து டீக்கடையிலதான் சொன்னாங்க, நீரு குலசேகரன்பட்டினத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கீருன்னு... அக்கா மகனுக்கா? நல்லா இருக்கட்டும். அப்ப தாய்மாமன் நீருதானா... நிக்காஹ் ஓத ஹஜ்ரத் வந்துட்டாரா?... இன்னும் வரலைலா. அப்ப நேரம் இருக்கு.

அதேதான், அதேதான். மொதல்ல மாவு மில்லு மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் டிவில அந்த எழுத்து வருது, பொட்டி ரொம்பச் சூடாயிட்டு, ஆற விடுன்னு. அதைப் படிச்சு முடிக்கதுக்குள்ள தானா அணைஞ்சுருது... ஆமா, ஃபேன் நீரு மாத்துனதுதான். அதுக்கப்புறம் பசை பூசுனீரு. அதுக்கப்புறம் கரண்டு வார பாகத்தை மாத்துனீரு. நான் உம்மைக் குத்தம் சொல்லல. உம்ம கடையில மேசையில வச்சா நாள் பூரா ஓடுது. எங்க வீட்டுக்கு வந்தா நிக்கி. ஒரு கதை உண்டு மைதீன். ஒரு சம்சாரிகிட்ட ஒரு காளை இருந்துச்சாம். சந்தையில நிமிந்து நடக்குமாம், அடுத்தவன் வயல்ல உழுமாம், சொந்தத் தொழுவத்துக்கு வந்தா மட்டும் படுத்துக்கிடுமாம். வைத்தியன் வந்து கொம்பைப் பாத்தான், குளம்பைப் பாத்தான்... சரி, சரி. கதை வேண்டாம்.

திங்கக்கிழமையா? திங்கக்கிழமை வரைக்கும் தாங்காதுவே... பேரனை ரெண்டு நாள் வெளிய போய் விளையாடச் சொல்லவா? எந்தப் பேரன்?... ஓ. அது... மைதீன், பேரன் யாரும் இங்க இல்ல. கடைக்கு வந்தா எல்லாரும் பேரனுக்கான்னு கேக்காங்க. நானும் தலையாட்டிட்டு வந்துருவேன். அது என் பொஞ்சாதிக்கு... ஆமாவே, நாயகிக்கு. பிரம்மநாயகிக்கு... சிரிக்காதேயும்.

வாதம் வந்துச்சு. சித்திரையில. இடது கையும் காலும். பேச்சும் கொழகொழன்னு ஆயிட்டு. கால் தேறிட்டு, சொவரைப் பிடிச்சு நடக்கா. கை மட்டும் சுருண்டுக்கிட்டு வரமாட்டேங்கு. டார்லின்னு ஒரு பொண்ணு, வீட்டுக்கு வந்து பிசியோதெரபி பாக்கா. அவ பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னா, மாவைக் கொடுத்து உருட்டச் சொன்னா. நாயகி எதையும் தொடல. சொவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. நம்ம மகன் சுந்தர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகையில விட்டுட்டுப் போன பொட்டி இது. டார்லின் இதைப் பாத்துட்டு, அம்மா, பஸ் ஓட்டுதியளான்னு கேட்டா.

பஸ்ஸு. பஸ் ஓட்டுத விளையாட்டு. வலது விரலை அமுக்கினா வண்டி போகும். திருப்பணும்னா இடது பெருவிரல், நிறுத்தணும்னா இடது ஆள்காட்டி விரல். மொத நாள் ஓட்டி ஒரு டீக்கடையை இடிச்சுத் தள்ளிட்டா. தள்ளிட்டுச் சிரிச்சா மைதீன். அவ சிரிச்சு எவ்வளவோ நாள் ஆயிருந்துது... ம்... ஆமா. பொட்டி ஓடுத வரைக்கும் விரல் நிமிருது. பொட்டி உம்ம கடைக்குப் போச்சுன்னா விரல் திரும்ப உள்ள மடங்கிருது. இன்னிக்குக் காலையில டார்லின் வந்து விரலைப் பிரிச்சுப் பாத்தா. அவ முகமே சரியில்ல. இப்படி விட்டு விட்டுப் போனா விரல் அப்படியே இறுகிரும் சார், அப்புறம் நான் வந்தும் ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டா.

...சொல்லியிருக்கணும். சொல்லல. இப்பச் சொல்லுதேன்லா.

அதான் நானே தொறந்துட்டேன்... ஏசாதேயும். சுவிட்சை அணைச்சு, வயரைப் பிடுங்கிட்டுத்தான் தொறந்தேன். நட்சத்திர ஸ்குரூவுக்கு உள்ள திருப்புளி ஜங்ஷன் கடையில வாங்கியாந்தேன். மேல்மூடி எடுத்தாச்சு... ஸ்குரூ எல்லாம் பத்திரமா இருக்கு. இட்லித் தட்டுல போட்டிருக்கேன். ஒவ்வொரு குழியில ஒவ்வொரு நீளம். நடுக்குழியில இருக்கது ஃபேனோடது... பாத்தீரா, அதுக்குப் பாராட்டுதீரு. ஒடம்புல இருக்க கரண்டு இறங்க எதையாவது இரும்பைத் தொடணுமா? பீரோ இருக்கு. தொட்டாச்சு.

ஃபேனுக்கு ஒரு வயரு போகுது. அதைப் பிடிச்சு இழுக்கப்பிடாது, தலையைப் பிடிச்சுப் பையத் தூக்கணும்... பையத்தான் தூக்குதேன்... வரலையே... வரமாட்டேங்கு மைதீன்... ஐயோ, என்னமோ டக்குன்னுட்டு. இரும். பேசாதேயும், ஒரு நிமிசம் பேசாதேயும்.

...இல்ல. உடையல. அதுதான் கழண்ட சத்தம். உசிரே போயிட்டு வந்துச்சு. நாயகி, ஒண்ணுமில்லளா, நீ உக்காரு... கண்ணெடுக்காம என் கையையே பாத்துக்கிட்டு இருக்காவே. நான் ஏதோ அவளுக்கே ஆபரேசன் பண்ணுத மாதிரி.

ஃபேன் வந்துட்டு. இறக்கையெல்லாம் கறுப்பா இருக்கு... தூசியா? தூசி மாதிரி இல்ல. ஊதினாப் பறக்கல. தார் பூசுன மாதிரி. விரல்ல ஒட்டுது. கீழ சீப்பு சீப்பா ஒரு தகடு தெரியுது, அதோட பல்லுக்கு நடுவுல எல்லாம் அடைஞ்சு... ஆமா, காத்துப் போக ஒரு வழி கெடையாது.

என்னது? ஒவ்வொரு தரமும் இப்படித்தான் இருந்துச்சா? அப்ப ஏன்வே நீரு சொல்லல?... சிகரெட்டா?... பேரன் திருட்டுத்தனமா சிகரெட் குடிக்கான்னு நெனச்சீரா... அதை வீட்டுப் பெரியவர்கிட்ட எப்படிச் சொல்லன்னு, நீரே கழுவிக் கழுவி அனுப்புனீரா. உமக்கு எவ்வளவு பெரிய மனசுவே. இல்லாத பேரனோட மானத்தைக் காப்பாத்தியிருக்கீரு.

இல்ல, இந்த வீட்டுல யாரும் பீடி சிகரெட் தொட்டதில்ல... கொசுவத்தியும் இல்ல, நாங்க வலைதான் கட்டுதோம்... அடுப்படி அந்தக் கடைசியில இருக்கு. மோந்து பாக்கவா? இதை எதுக்கு... சரி, பாக்கேன்.

...மைதீன்.

மணமா இருக்குவே. கோயிலுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு... சாம்பிராணி... ஆமா, போடுதேன். நான்தான் போடுதேன். பொட்டிக்கு மேல்தட்டுலதான் சாமி படமெல்லாம் இருக்கு... முன்னாடி நாயகி வெள்ளிக்கிழமை மட்டும் போடுவா. அவ விழுந்ததுக்கப்புறம் நான் தினம் போடுதேன். மொதல்ல ஒரு நேரம். அப்புறம் விரல் அசைய ஆரம்பிச்சுதுலா, சாமி கண்ணைத் தொறந்துட்டாருன்னு ரெண்டு நேரம். ஆள்காட்டி விரல் நிமிந்த அன்னிக்கு இன்னும் ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டேன். வீடே தெரியல... ஆமா. அவ விரல் தேறத் தேற நான் புகையைக் கூட்டியிருக்கேன். அதான் மொத தரம் ரெண்டு மாசம் ஓடுனது, அப்புறம் ஒரு மாசம், இப்பப் பத்து நாள்கூடத் தாங்கல. அந்தக் காளைக்கும் எவனோ கொசு கடிக்குமேன்னு தொழுவத்தை அடைச்சுப் புகைமூட்டம் போட்டிருப்பான் மைதீன்.

இருமலா? யாருக்கு, நாயகிக்கா? இருமுவா, சாயங்காலம் ஆனா... அது பனிக்கு... பனி இன்னும் ஆரம்பிக்கலைதான்... இரும்.

ஏளா. ஒன்னைத்தான். இந்தச் சாம்பிராணிப் புகை ஒனக்கு ஒத்துக்கலையா?... என்ன, தலையாட்டுத. எத்தனை நாளா?... மொதல்லேர்ந்தேவா? ஏன் நீ ஒரு வார்த்தை சொல்லல?... பையச் சொல்லு. அவசரம் இல்ல. ம்... புகை போடுத நேரம்... அந்த நேரம் மட்டுந்தான்... நான்... நான் அழாம இருந்தேனா.

...

சரி. சரிளா. இப்ப அழல. நீ அங்கன திரும்பி உக்காரு.

ஹலோ. இருக்கேன், இருக்கேன். ஒண்ணுமில்லவே. மூக்குல கரி ஏறிட்டு... சொல்லும், எதை வச்சுத் துடைக்க? ஸ்பிரிட்டு இருக்கு, அவளுக்கு ஊசி போட வாங்குனது. பழைய பல்லு பிரஷ்ஷும் இருக்கு. பச்சைச் சர்க்யூட் பலகையில படப்பிடாது, சீப்பை மட்டும் தேய்க்கணும். தெரியுது. நீரு டீயைக் குடியும், போனை மட்டும் வச்சிராதேயும். நான் தேய்க்கேன்.

(தொலைபேசி மேசையில் வைக்கப்படுகிறது. நெடுநேரம் பிரஷ் உரசும் ஓசை மட்டும் கேட்கிறது.)

ஹலோ, மைதீன்... தேய்க்கத் தேய்க்கக் கறுப்பா வருது. ஆனா இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது இப்ப... ஸ்பிரிட்டு நல்லாக் காயணும், அது வரைக்கும் கரண்டு கொடுக்கப்பிடாது. சரி. காயட்டும்... உம்ம உம்மாவும் வெள்ளி இரவு ஆனா சாம்பிராணி போடுவாங்களா? ஷரீபா பீவிதான பேரு? டிவி எங்கன இருக்கு?... அதையும் நீருதான் கழுவுதீரா. அப்ப எனக்குப் புத்தி சொல்லும்வே... வெளிய முத்தத்துல வச்சுப் போடச் சொல்லிட்டீரு. கேட்டாங்களா?... கேக்கலைலா. நான் கேக்கேன். தூபக்காலை வாசலுக்கு வெளிய கொண்டுபோயிருதேன். சாமிக்கு அங்கனேர்ந்தும் மணக்கும்.

என்ன அங்க ஒரே சத்தம்?... மாப்பிள்ளை வந்துட்டாரா? உம்மைத் தேடுதாங்களா? போயிராதேயும், மூடியை மாட்டிருதேன். ஃபேன் வயரு குத்தியாச்சு. நடுக்குழி ஸ்குரூ... மாட்டியாச்சு. இப்ப நீளமானது... ரொம்ப முறுக்கக்கூடாதா? முறுக்கல.  மாட்டியாச்சு. இட்லித் தட்டுல ஒண்ணும் பாக்கி இல்ல. தட்டைக் கவுத்துக்கூடப் பாத்துட்டேன்.

காஞ்சுருக்கும்லா?... சரி, இன்னும் கொஞ்சம் பொறுக்கேன். எனக்கு உக்கார முடியல மைதீன். சன்னல்ல போய் நிக்கேன், திரும்ப வாரேன், பொட்டியைத் தொட்டுப் பாக்கேன், இட்லித் தட்டை எண்ணுதேன். இது மட்டும் இன்னிக்கு ஓடலைன்னா அவ திரும்பச் சொவரைப் பாத்துப் படுத்துருவா. அந்த முதுகை என்னால பாக்க முடியாதுவே.

போடவா?... வயரைக் குத்திட்டேன். சுவிட்சைப் போட்டுட்டேன். பொட்டியில பட்டனை அமுக்குதேன்.

...பீப்புங்கு. லைட்டு வருது... வெள்ளையாயிட்டு. சத்தமா? சத்தமே இல்லவே. ஓடுதாங்கிறதே தெரியல. இரும், பின்னால கையை வச்சுப் பாக்கேன்... காத்து வருது. சூடா வருது, ஆனா வருது. வெளிய வருது மைதீன்.

இந்தாளா, பிடி. பைய... இடது கையை மடியில வச்சுக்கோ. நான் விரலைப் பிரிச்சு வைக்கவா?... வேண்டாமா? சரி, வேண்டாம். நீயே வை.

...ஆமாவே, அவளே வைக்கா. வலது கையால இடது விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்து வைக்கா. கொஞ்ச நேரம் ஆகும்... இல்ல, நான் பாக்கல. நான் டிவியைப் பாத்துக்கிட்டு நிக்கேன்.

ஹஜ்ரத் வந்துட்டாரா? போம்வே, போம். கூப்பிடுதாங்க பாரும்... ஒரு மணி நேரம் ஓட்டிட்டு, சூடு எப்படி இருக்குன்னு சொல்லணுமா? சொல்லுதேன்... நான் எங்க உக்காருவேன், எனக்கு விளக்கு வைக்கணும். இந்நேரம் தூபத்துக்குக் கங்கு எடுக்கக் கிளம்பிருவேன். இப்ப அதுவும் இல்ல. கை என்னத்தையாவது தேடுது... உள்ளதைச் சொல்லுதேன் மைதீன், அவ ஓட்டுகையில நான் ஒரு நாளும் பக்கத்துல உக்காந்ததில்ல. விரல் பிரேக்குக்குப் போகும், வழுக்கிரும். திரும்பப் போகும், திரும்ப வழுக்கும். அதைப் பாத்துக்கிட்டு எப்படி உக்கார? அதான் தூபக்காலைத் தூக்கிக்கிட்டு வீடெல்லாம் சுத்துவேன்.

என்ன... உமக்கில்ல, இவ என்னமோ சொல்லுதா. இரும்... பஸ்ஸு... பொறப்படப் போகுதா. சரி, நீ எடு, நான் இங்கன நிக்கேன்... ஏறணுமா?...

மைதீன், பஸ் கிளம்புதாம். என்னை ஏறச் சொல்லுதா... ஆமா, என்னைத்தான்... வாரேன்ளா, வாரேன்... படியில நிக்கப்பிடாதாம்வே. உள்ள போய் உக்காரணுமாம்.

வைக்கேன்.