சுருளியாண்டிக்கு ஆறு பல்லு

…அதான் தம்பி சொல்லுறேன், இங்கிலீசு எழுதத் தெரிஞ்ச ஆளுகளுக்கே ஒரு மண்டைக்கனம். உங்களைச் சொல்லல! நீங்க இந்தப் போஸ்டாபீசு வாசல்ல மேசை போட்டு இன்னும் எட்டு நாள் ஆகல, உங்களை எதுக்குச் சொல்லப் போறேன்? அந்தா, எதுத்தாப்புல குடைக்குக் கீழ உக்காந்து மனு எழுதுறாரே பொன்னுராஜ், அவரைச் சொல்லுறேன். பாக்காதீக, பாக்காதீக! பாத்தா, நான் அவரைப் பத்திப் பேசுறேன்னு நெனைச்சுக்குவாரு. பேசத்தான் செய்யுறேன். அது வேற.

அஞ்சு வருசமா அவரோட எனக்குப் பேச்சில்ல. தெனம் வணக்கம் சொல்லுவாரு. நான் வாங்குறதில்ல.

சரி, காயிதத்த எடுங்க. என்னது… ஒரு தாளுதானா? இந்த ஜெர்மன்காரன் சண்டை வந்து எல்லாத்துலயும் மண்ணைப் போட்ருச்சு. பஸ்ஸு கரிப்புகையில ஓடுது. சின்னமனூர் வந்து சேரங்குள்ள நாலு தடவை இறங்கித் தள்ளுனோம். உக்காந்து வந்த தூரத்தை விடத் தள்ளிட்டு வந்த தூரந்தான் சாஸ்தி. இப்பக் காயிதத்துக்கும் பஞ்சமா? சரி, ஒரு தாளே போதும். எம் மகனும் அதைத்தான் சொல்லி விட்ருக்கான்.

மூத்தவன், சுருளியாண்டி. மேகமலையில ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கான். அவன் தங்கச்சி கருத்தம்மாளுக்கு வர்ற ஆவணியில கல்யாணம். மாப்பிள்ளையக் கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டியாரது யாரு? மச்சினன். அவன் வரலைன்னா? "அண்ணன் வராம நான் மணையில உக்கார மாட்டேன்"னுட்டா கழுதை. சொன்னாச் சொன்னதுதான், என்னைய மாதிரி. துரை லீவு குடுக்கணும்னா வீட்டுல இருந்து இங்கிலீசுல காயிதம் போகணுமாம். அந்தப் பய தோட்டத்து லாரி டிரைவர்ட்டச் சேதி சொல்லி விட்ருக்கான் பாருங்க: "காயிதம் எழுதட்டும். ஆனா அப்பா வாயில இருந்து வர்ற ஒட்டுச் சொல்லு ஒண்ணு கூட அதுல இருக்கப்படாது. இருந்துச்சு, நான் மலைய விட்டு இறங்க மாட்டேன்." பெத்த அப்பனுக்கு வர்ற சேதியா தம்பி இது!

ஒட்டுச் சொல்லுன்னா என்னன்னு கேக்குறீகளா? நீங்க படிச்ச ஆளு, அதுக்கு வேற பேரு வச்சிருப்பீக. எனக்குப் பொன்னுராஜ் சொன்னதுதான். இங்கிலீசுல அது ரெண்டு தினுசாம். ஒண்ணு ஆளு மேல ஒட்டுறது. இன்னொண்ணு ஆளு செய்யுற வேலை மேல ஒட்டுறது. 'ஆனஸ்ட்'டுன்னா ஆளுக்கு. 'ஆனஸ்ட்லி'ன்னா வேலைக்கு. ரெண்டாவது தினுசுக்குப் பின்னால பெரும்பாலும் 'லி'ன்னு ஒரு வாலு தொங்குமாம். 'ஃபாஸ்ட்'டு மாதிரி சிலது மட்டும் வாலில்லாமலே ரெண்டு பக்கமும் மேயுமாம். "வாலில்லாட்டி ஈ ஓட்டுறது யாரு"ன்னு கேட்டேன். சிரிக்கல. வெத்தலை போடாத ஆளுக சிரிக்கவும் மாட்டாக.

நான் மாட்டு யாவாரி தம்பி. முப்பது வருசம் சந்தை சந்தையாத் திரிஞ்சவன், எனக்கா இது புரியாது? கொம்பு அழகு, சுழி சுத்தம். இது மாட்டுக்கு. அலுங்காம இழுக்குமா, மிரண்டு இழுக்குமா? இது நடைக்கு. சுழியச் சொல்லி விக்கிறவன் ஏமாத்துக்காரன். ஏருல பூட்டி நடையக் காட்டுறவன்தான் யாவாரி. இதை நான் பொன்னுராஜுக்கே சொல்லிக் குடுத்தேன்!

அஞ்சு வருசத்துக்கு முன்னால, பயலுக்கு வேலை கேட்டுத் துரைக்குக் காயிதம். பொன்னுராஜ் எழுதுனாரு. பேரு, ஊரு, ஆனஸ்ட்டு. அப்புறம் பேனாவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாரு: "பையன் எப்படி வேலை செய்வான்?" நல்லாச் செய்வான்னேன். "நல்லான்னா? வேகமாவா, பொறுமையாவா? ஒண்ணு சொல்லுங்க. துரை அதைத்தான் பாப்பாக"ன்னாரு. அதுக்கு நான்…

செத்த இருங்க, சுண்ணாம்பு இருக்கா? இல்லையா. சரி.

என்னத்தச் சொல்ல… "அதெல்லாம் எதுக்கு? ஆளைப் பத்தி இன்னும் நாலு சொல்லு போடும்யா"ன்னேன். "சும்மா போட்டா எல்லாமே பதராப் போகும், இது போதும்"னு மடிச்சுக் குடுத்துட்டாரு. மூணே வரி! ஒரு கிடேரிக் கன்னுக்கே நான் அரை மணி நேரம் பேசுவேன், எம் மகனுக்கு மூணு வரியா? வந்துச்சு பாருங்க கோவம். நேரா கம்பவுண்டர் வீரணன்ட்டப் போனேன். அவனுக்கு இங்கிலீசு, மருந்து சீசாவுல ஒட்டுற அளவுக்குத் தெரியும். "கீழ எடங் கெடக்குல்ல, நான் சொல்லச் சொல்ல எழுதுடா"ன்னேன்.

என்ன சொன்னேன்னா… சிரிக்கக் கூடாது. பயலுக்கு வயசு சரியாத் தெரியாது, அதனால 'ஆறு பல்லு'ன்னேன். மாட்டுக்கு வயசு பல்லுலதான் தெரியும், காளைக்கு ஆறு பல்லுன்னா நல்ல பருவம் தம்பி! அப்புறம் 'சுழி சுத்தம்'. 'முட்டாது, உதைக்காது'. 'புது ஆளு புடிச்சாலும் மிரளாது'. 'அரைத் தீனிக்கு முழு ஏரு இழுக்கும்'. அந்த வீரணனும் ஏன் எதுக்குன்னு கேக்காம எழுதிக்கிட்டே போறான்! நான் என்ன செய்ய? சந்தையில பழகுன வாயி. தொறந்தா மாடுதான் வருது.

மலையில விடியக்காலம், சனத்த எல்லாம் வரிசையா நிறுத்தி வேலை பிரிக்கிற நேரம். கிளார்க்கு அந்தக் காயிதத்தத் தமிழ்ல வாசிச்சிருக்காக. துரை எம் மகனைக் கூப்புட்டு, வாயத் தொறக்கச் சொல்லி, பல்ல எண்ணுனாகளாம்! அம்புட்டுச் சனத்துக்கு முன்னால. வேலையக் குடுத்துட்டாக, அது சரி. ஆனா அன்னையில இருந்து மலை மேல அவன் பேரு ஆறு பல்லு. கொழுந்து பறிக்கிற பொம்பளைக கூட "ஆறு பல்லண்ணே"ன்னுதான் கூப்புடுறாகளாம். அஞ்சு தீவாளி போச்சு தம்பி. பய ஊருக்கு இறங்கல.

நான் ஊருக்குள்ள என்ன சொன்னேன்? பொன்னுராஜ் எழுதுன காயிதத்தாலதான் எம் மகன் அசிங்கப்பட்டான்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாப் போச்சு. அந்த மனுசனும் வந்து ஒரு வார்த்தை மறுக்கல. வணக்கம் மட்டும் சொல்லிக்கிட்டே இருக்காரு, வம்புக்கு!

ஆனா தம்பி… எப்படி வேலை செய்வான்னு கேட்டாருல்ல? எனக்குத் தெரியல. அதான் விசயம். என் கையில வந்து போன அத்தனை மாட்டு நடையும் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். பெத்த பய வேலை செய்யுறத ஒரு நாளு நின்னு பாத்ததில்ல.

போன மாசியில லாரியில தொத்திக்கிட்டு மேல போனேன். அவனுக்குத் தெரியாது. கொழுந்து நிறுக்குற கொட்டகைக்குப் பின்னால, ஒரு மரத்துக்கு அங்கிட்டு நின்னேன். பொம்பளைக கூடை கூடையாக் கொண்டாந்து தொங்க விடுறாக. தராசுல நின்னு நிறுக்குறது எம் மகன். முள்ளு ஆடுது. மத்த ஆளுன்னா ஆடுறப்பவே வாயில வந்ததச் சொல்லித் தள்ளி விட்ருவான். இவன் முள்ளு நிக்கிற வரைக்கும் நிக்கிறான். ஒவ்வொரு கூடைக்கும் நிக்கிறான். மழை தூறுது, கங்காணி கத்துறான், இவன் முள்ளையே பாத்துக்கிட்டு நிக்கிறான். பதனமா… அம்புட்டுப் பதனமாச் செய்யுறான் தம்பி. எங்கிட்ட இருந்து வந்ததில்ல அது, அவன் ஆத்தா வழி. நான் அவன் கண்ணுல படாம இறங்கி வந்துட்டேன்.

பொன்னுராஜ் கேட்டதுக்கு இப்ப எங்கிட்டப் பதில் இருக்கு. எழுதத்தான் வழியில்ல! ஒட்டுச் சொல்லு கூடாதுன்னு மலையில இருந்து உத்தரவு.

எழுதுங்க. "மகளுக்கு ஆவணி பத்தாந்தேதி கல்யாணம். அவ அண்ணன் சுருளியாண்டி வந்து நிக்கணும். மூணு நாளு லீவு குடுங்க. இப்படிக்கு அம்மாவாசி." அம்புட்டுதான். எத்தனை வரி வந்துச்சு? நாலா? பொன்னுராஜ்னா மூணுல முடிச்சிருப்பாரு.

வாசிங்க… ம்… ம். மொட்டையாத்தான் இருக்கு. ஆனா சரியா இருக்கு. பெருவிரல்ல மையத் தடவுங்க… இந்தா, வச்சாச்சு. மை காயட்டும்.

ஏன் தம்பி, 'பதனமா'ங்கிறதுக்கு இங்கிலீசுல அந்த வாலு வச்ச சொல்லு என்ன?

வேணாம், வேணாம்! சொல்லாதீக. சொன்னீகன்னா எழுதச் சொல்லிருவேன். மடிங்க… வெரசா மடிங்க!