எந்த வாடி?

— இன்னொருக்காச் சொல்லு டெனிஷா. உன்ட அண்ணன் என்ன சொன்னவர்?

— எத்தின தரம் சொல்றது, மச்சாள்? 'வாடி' எண்டார்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். கற்பிட்டியில இருந்து பஸ் மாறி மாறி, சிலாபம் வரைக்கும் இந்த ஒரு சொல்லச் சுமந்துகொண்டு வந்திருக்கிறன். உள்ளுக்கு வா எண்டாவது சொல்லுங்க.

— வா, இந்தக் கதிரையில இரு. …எந்த வாடி?

— எந்த எண்டா?

— தமிழ் டீச்சர் நீ. உனக்கு நான் சொல்லணுமா? நாட்டுச் சண்டை முடிஞ்ச பிறகு மீனுக்குத் தூரத் தூரப் போய்க் கொட்டில் போட்டுக் கிடக்கிறாரே, அந்த இடமும் வாடிதான்.

— ஓ… சிலேடை!

— அதென்ன?

— ஒரு சொல், ரெண்டு கருத்து. போன கிழமைதான் வகுப்பில படிப்பிச்சன். வாடி எண்டா கடற்கரைக் கொட்டில். வாடி எண்டா, 'வா, பெண்ணே'…

— மூண்டாவது ஒண்டும் இருக்கு.

— என்ன?

— பூ வாடி… முகம் வாடி…

— அட, ஓம்! அதுவும் பொருந்துது மச்சாள். ரெண்டு மாசமாப் பெண்சாதி இல்லாம அண்ணன் வாடித்தான் கிடக்கிறார். பாருங்களன், ஒரே சொல்லுக்குள்ள மனுசன் எல்லாத்தையும் வைச்சிட்டார்!

— உன்ட அண்ணனா?

— ஏன், அண்ணனுக்கு அணி வராதா?

— கறியில உப்பில்லாட்டி உப்பில்ல எண்டு சொல்லவே அவருக்கு வாய் வராது. உன்ட அம்மா என்னப் பாத்து அந்தச் சொல் சொன்ன நேரம், பக்கத்தில குந்தி கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு இருந்தவர். தலை நிமிரல்ல.

— அம்மா அது… ஒரு உவமைக்குத்தான்…

— 'சிலாபத்தில இருந்து காய்க்காத தென்னையக் கொண்டுவந்து நட்டிட்டம்.' உவமை எண்டா 'போல' வரணும் எண்டு நீதானே ஒருநாள் சொன்னாய். தென்னை போல எண்டா அவ சொன்னவ?

— …இல்ல.

— தென்னை எண்டே சொன்னவ.

— …அது உருவகம், மச்சாள்.

— ஓம். உருவகத்துக்குத்தான் நான் வீட்ட விட்டு வந்தனான்.

— அம்மா இப்ப அதையெல்லாம் கதைக்கிறதில்ல…

— அம்மாவ விடு. அவ சொன்னது போய்ட்டு. இவர் சொல்லாததுதான் எனக்குக் கொதி. பஸ்ஸில ஏறுற நேரமாவது 'போகாத' எண்டிருக்கலாம். ஒரு 'வா' எண்டிருக்கலாம்.

— அதத்தானே இப்ப சொல்லியிருக்கிறார்!

— எப்பிடிச் சொன்னவர்? வெட்டியா, இழுத்தா?

— கொஞ்சம் இழுத்து… 'வாடீ…' எண்டு.

— இன்னொருக்கா.

— 'வாடீ…' ஐயோ, சிரிக்கிறீங்க! அப்ப வாறீங்கதானே? உடுப்ப எடுங்க, பொழுதுபட முன்னம் போயிரலாம்.

— கலியாணம் கட்டி ஆறு வருசம். என்ன ஒருநாளும் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்ல, டெனிஷா.

— ஆசையில… வாய் தவறி…

— நீ அவரிட்ட என்ன கேட்டாய்?

— நானா? நான் என்ன கேக்கிறது…

— கேட்டாத்தானே அந்த மனுசன் வாய் திறப்பார். தானா ஒண்டும் வராது.

— …போன் எடுத்தனான்.

— எடுத்து?

— 'எங்க நிக்கிறீங்க?' எண்டு கேட்டன்.

— அதுக்கு?

— …'வாடியில' எண்டார்.

— ம்.

— கோவிக்காதீங்க, மச்சாள்… பொய் சொல்லல்ல. கடைசி ரெண்டு எழுத்த மட்டும்தான் விட்டனான். பாட்டில அப்பிடி விட்டா 'கடைக்குறை' எண்டு சொல்லுவம். பிழையில்ல…

— ஆருக்குப் பிழையில்ல?

— …ரெண்டு பேரும் வாய் திறக்காம இருந்தா நான் என்ன செய்ய? அதுசரி, உங்களுக்கு எப்பிடி விளங்கினது?

— விடிய நானும் அவருக்குப் போன் எடுத்தனான். அதே கேள்விதான் கேட்டன், அதே பதில்தான் சொன்னவர். நீ வாசல்ல நிண்டு கடைசியக் குறைச்சுச் சொன்ன நேரம்… கேக்க நல்லாயிருந்திச்சு. அதான் திரும்பத் திரும்பச் சொல்ல வைச்சன். நீ போ. அந்த ரெண்டு எழுத்தையும் அவரையே குறைச்சுச் சொல்லச் சொல்லு. அப்ப வாறன்.