முப்பது நாள் முன்னறிவிப்பு

என் வீட்டு மாடியில் காற்று நன்றாக வரும், ஐயா. தையற்கார அம்மாளே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். கணவரோடும் மகளோடும் அங்கே ஆறு ஆண்டுகள் குடியிருந்தாள். மாதாந்திர ஒப்பந்தம்தான். விலக்க நினைப்பது நானாயினும், விலக நினைப்பது அவளாயினும், முதல் தேதி மாலை ஆறு மணிக்குள் கடிதத்தை எதிராளியின் கையில் கொடுக்கவேண்டும். முப்பது நாளில் ஒப்பந்தம் முடியும். தவறினால் ஒப்பந்தம் இன்னொரு மாதம் நீளும். விதி இருவருக்கும் ஒன்றே.

காலி செய்யச் சொல்லும் கடிதத்தை ஒவ்வொரு முதல் தேதியும் கொடுத்தேன்; ஒவ்வொரு கடைசித் தேதியும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். யாரையும் வெளியேற்றும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. கடிதம் கையில் இருந்தால் மனிதர்கள் மெதுவாக நடக்கிறார்கள், குழாயை இறுக மூடுகிறார்கள், எதிரே வந்தால் நின்று பேசுகிறார்கள். கதையில் வரும் நரி முயலுக்கு முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. நான் தவறாமல் கொடுத்தேன். அந்த ஆறு ஆண்டும் அவர்கள் பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவேயில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கணவருக்கு இதயம் பலவீனமாயிற்று. படியேறவே கூடாது என்றார் மருத்துவர். அடுத்த தெருவில் தரைத்தள வீடொன்று அமைந்தது; உடனே குடிவரலாம், வாடகை அடுத்த மாதத்திலிருந்து கொடுத்தால் போதும் என்றார் அந்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கு வாடகை கட்ட அவளுக்கு வழியில்லை. எனவே முதல் தேதி நான்கு மணிக்கே விலகல் கடிதத்தோடு வந்து என் கதவைத் தட்டினாள்.

"சார், கொஞ்சம் கதவத் திறங்க. அவருக்கு மூச்சு வாங்குது. இதை வாங்கிக்கிட்டாப் போதும்."

"உள்ளேதாம்மா இருக்காரு, செருப்பு கிடக்குது பாரு," என்றாள் மகள். "கொடுக்க மட்டும் ஒருநாள் தவறாத மனுஷன், வாங்கணும்னா காணாமப் போயிடுறாரு."

"வாய மூடுடி, காதுல விழப்போகுது."

விழுந்தது. நாற்காலியில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு ஐந்துக்குத் திறந்தேன். அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சு நிமிஷம் தாமதமாயிடுச்சேம்மா," என்றேன். "விதின்னு ஒண்ணு இருக்கே."

தரைத்தள வீடு வேறொருவருக்குப் போயிற்று. பத்தொன்பதாம் நாள், மருத்துவமனையிலிருந்து திரும்பிய கணவர் பதினோராவது படியில் உட்கார்ந்தார், எழவில்லை.

கதவைத் திறக்காதவன் நான்தான். அவருடைய நோயும் அறிவேன். தட்டிய ஒவ்வொரு தட்டும் கேட்டேன். எதையும் மறைக்கவில்லை. ஒன்றை மட்டும் தாங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். அடுத்த முதல் தேதி, விதிப்படி நான் என் வழக்கமான கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்திருக்கவேண்டும். துக்க வீடாயிற்றே என்று, ஓசைப்படாமல் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.