ஆயிரத்து நானூத்தி எண்பது

அட, உக்காருங்க சார், நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? நான் உங்களையா சத்தம் போட்டேன்? அந்த ரிசப்ஷன் பொண்ணைத்தான். மெதுவாப் பேசணுமாம்ல! அமெரிக்கால ஏழு காலேஜுக்குப் போட்டோம், ஏழும் கையை விரிச்சிருச்சு. இதுல என்ன மெதுவாப் பேசறது?

எனக்கில்ல சார், எம்பொண்ணுக்கு. உள்ள, வெளிநாட்டுப் படிப்புக்கு வழி சொல்ற கவுன்சிலரம்மாகிட்ட இருக்கா. நீங்க பையனுக்கா? அடுத்த வருஷமா? அப்ப நல்லாக் கேட்டுக்குங்க.

அமெரிக்கா காலேஜுக்குன்னு எழுதற எஸ்.ஏ.டி. பரீட்சைல எம்பொண்ணு ஆயிரத்து நானூத்தி எண்பது. ஆயிரத்து அறுநூறுக்கு! கோச்சிங்கா? அதுக்கெல்லாம் எங்க போறது? பாதி எழுத்து அழிஞ்சுபோன ஒரு கம்ப்யூட்டர்ல தானாப் படிச்சா. அவ படிக்கிற நேரத்துல அவங்கம்மா தையல் மெஷினையே தொடமாட்டா, சத்தம் வருமேன்னு.

அந்த மார்க்கை அனுப்பினா அனுப்புங்க, இல்லாட்டி விடுங்கங்கறான் காலேஜ்காரன். நம்ம இஷ்டமாம். என்னய்யா இஷ்டம்? நம்ம ஸ்கூல் பேரை அங்க எவன் கேள்விப்பட்டிருக்கான்? வெளிநாட்டுப் பிள்ளைக்கு அந்த மார்க் ஒண்ணுதான் பேசுமாம். இந்தம்மா போன வாரம் சொல்றாங்க. எல்லாம் முடிஞ்சு நாசமாப் போனப்புறம்!

இன்னொண்ணு கேளுங்க. அவ ரொம்ப ஆசைப்பட்ட காலேஜ்ல, அங்க சேந்த பிள்ளைங்க மார்க்குன்னு ரெண்டு நம்பர் போட்டிருந்தான். ஆயிரத்து ஐநூத்திப் பத்துலேர்ந்து ஆயிரத்து ஐநூத்தி அறுபது. நான் ஆஸ்பத்திரி லேப்ல இருக்கேன் சார், இருபத்திரெண்டு வருஷமா ரத்தம் பாக்கறேன். சர்க்கரை இதுலேர்ந்து இதுக்குள்ள இருக்கணும், தாண்டுச்சா, சிவப்புல வட்டம் போடு. இதே பொழப்பு. அந்த ரெண்டு நம்பரைப் பாத்தா எனக்கு வேற எப்படித் தோணும், நீங்களே சொல்லுங்க. முப்பது கம்மி. வெளிய போச்சுன்னுதானே தோணும்?

ஆனா அது அப்படி இல்லியாம் சார். நடுவுல இருக்கற பாதிப் பேரோட மார்க்குதானாம் அது. சேந்ததுல நாலுல ஒருத்தர் அதுக்கும் கீழயாம்! அதைப் பக்கத்துலயே எழுதி வச்சா அவன் கையா ஒடிஞ்சிரும்? படுபாவி.

என்ன கேட்டீங்க? இல்லல்ல, அவ அனுப்பணும்னுதான் நின்னா. இது போதும்ப்பா, இது என் மார்க்குப்பான்னா. ஃபாரத்துலயும் போட்டுட்டா. பிடிவாதக்காரி.

அப்புறம் என்ன, குளிக்கப் போனா. கம்ப்யூட்டர் தொறந்தே கெடந்துச்சு. மார்க்கை அனுப்பறீங்களான்னு ஒரு கேள்வி. ஆமான்னு இருந்ததை நான் இல்லைன்னு மாத்திட்டேன். ஏழு காலேஜுக்கும் ஒரே ஃபாரம்தான் சார். அவ தலையைத் துவட்டிக்கிட்டே வந்தா, திரும்பப் பாக்கலை, அனுப்பிட்டா.

எங்க தப்பாச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு அவளேதான் இன்னிக்கு வந்திருக்கா. அந்தம்மா இப்ப அந்த ஃபாரத்தைத்தான் தொறந்து காட்டிட்டிருக்காங்க. நீங்களும் வாங்கப்பான்னு கூப்பிட்டா சார். நான்தான் போகலை.