பீரோவுக்குள் ஒரு டிஸ்க்

– ரெண்டாவது டிவிடியும் போச்சா? நல்லதாப் போச்சு. ஒண்ணு உங்க டீ கிளாசுக்கு அடியில, ஒண்ணு என் கிளாசுக்கு அடியில. மேசையாவது கறையாகாம இருக்கும்.

– கிண்டல் பண்ணாதம்மா. கம்ப்யூட்டரை எழுப்பற ஃபைலை அப்படியே டிவிடியில காப்பி பண்ணிட்டேன். அப்படிப் பண்ணா கம்ப்யூட்டர் அதுலேருந்து எழுந்திரிக்காது. இமேஜா பர்ன் பண்ணணும். இப்பப் பாரு, சிம்பிள்.

– ஓஹோ. காலையில டிபன் சாப்பிடறப்பவும் இதே சிம்பிள்தான்.

– உன் கம்ப்யூட்டரைப் போட்டா 'சிஸ்டம் காணோம்'னு ஸ்கிரீன்ல வருதா? அது தானா எழுந்திரிக்காது. இந்த டிவிடிய உள்ள போட்டா எழுந்திரிக்கும். எழுந்ததும் நீ வரைஞ்ச பிளான் மொத்தத்தையும் நான் வாங்கிட்டு வந்த புது டிஸ்க்ல காப்பி எடுத்துடுவேன்.

– அந்தப் பள்ளிக்கூடத்து பிளான் நாளைக்கு எஞ்சினியர் கைக்குப் போகணுங்க. மூணு மாசம் கண்ணு பூத்துப்போக வரைஞ்சிருக்கேன். அதுக்கு ஒண்ணும் ஆகாதே?

– ஆபீஸ்ல இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கேன்.

– நீங்க இருக்கறது சம்பளப் பிரிவு.

– பக்கத்து ரூம் கம்ப்யூட்டர் பிரிவுதானே.

– அடடா. பூவோட சேர்ந்த நாரு.

– பேசாம கீபோர்டுல அந்த எஃப் பன்னெண்டு பட்டனை விடாம அழுத்து. அழுத்து, அழுத்து... வந்துடுச்சு! பாத்தியா, டிவிடியிலேருந்து எழுந்திரிச்சுடுச்சு!

– உங்க தங்கச்சி கம்ப்யூட்டரும் இப்படித்தான் ஜம்முனு எழுந்திரிச்சுது. அவ கல்யாண போட்டோதான் படுத்துடுச்சு.

– அது டிஸ்க்ல இருந்த கோளாறுன்னு எத்தனை தடவை சொல்றது?

– ஆமாமா. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

– கொஞ்சம் சும்மா இரு. எந்த டிஸ்க்லேருந்து எந்த டிஸ்குக்குன்னு கேக்குது. ரெண்டும் ஒரே அளவு. மேல இருக்கறது உன்னோடதா இருக்கும். சரின்னு தட்டிட்டேன்.

– இருக்கும்னா?

– சிம்பிள்மா. அதோ ஓடுது பாரு. பாதிகூட தாண்டிடுச்சு.

– ஏங்க.

– இப்ப என்ன?

– ஸ்கிரீன்ல மேல ஒரு பேரு போட்டிருக்கே, நீங்க வாங்கிட்டு வந்த டப்பா மேலயும் அதே பேருதானே இருக்கு?

– இருக்காதே... என் கண்ணாடிய எடு.

– உங்க மூக்கு மேலதான் இருக்கு.

– ஐயோ.

– என்னங்க ஆச்சு?

– இல்ல... உன்னோட டிஸ்க் ரொம்பப் பழசும்மா. அதுல ஏற்கனவே ஏதோ கோளாறு...

– உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்களே, அதே கோளாறா?

– இல்ல. ஒரு கோளாறும் இல்ல. தலைகீழா குடுத்துட்டேன். புதுசை எடுத்து உன்னோடது மேல எழுதிட்டேன். பள்ளிக்கூடம், பழைய பிளான், எல்லாம் போயிருக்கும். நான்தான் அழிச்சேன். திட்டிடு. எஞ்சினியர்கிட்ட நானே வந்து சொல்றேன்.

– மொதல்ல தண்ணி குடிங்க.

– எனக்கு எதுவும் வேணாம்.

– குடிங்கன்னா. குடிச்சிட்டு உங்க தங்கச்சிக்கு ஒரு போன் போட்டு, இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லுங்க. பாவம், அவ இன்னும் அந்த டிஸ்க் கடைக்காரரைத் திட்டிக்கிட்டிருக்கா.

– சொல்றேன், கண்டிப்பா சொல்றேன். ஆனா உன் பிளானுக்கு என்ன வழி? மூணு மாச வேலைம்மா! நீ எப்படி இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்கே?

– நேத்து சாப்பிடறப்ப, 'நாளைக்கு லீவு, உன் கம்ப்யூட்டருக்கு நானே பேக்கப் எடுத்துத் தரேன்'னு சொன்னீங்கல்ல? நீங்க கை கழுவிட்டு வர்றதுக்குள்ள என் டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல புடவைக்கு அடியில வெச்சிட்டு, உள்ள ஒரு வெறும் டிஸ்க்கை மாட்டிட்டேன். காலையிலேருந்து நீங்க காலியைத்தான் காலிக்குக் காப்பி எடுத்துக்கிட்டிருக்கீங்க.